ஊருணியை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி: செட்டிநாட்டுக்கு ஜிஐஎஸ் பாலபாடம்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் அளவுள்ள ஓர் ஊருணி, அதாவது ஊர்ப் பொதுக் குளம், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் அதன் கரையைச் சுற்றிக் கோடு இழுத்து முடித்ததும் மென்பொருள் பரப்பைச் சொல்லிவிடும். 10,000 சதுர மீட்டர் என்று சொல்லலாம். 10,380 என்றும் சொல்லலாம். 0.00000082 என்றும் சொல்லலாம். வரைந்த கோடு ஒன்றுதான். வளைந்த பூமியைத் தட்டையாக்க எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. 380 சதுர மீட்டர் என்றால் ஒன்பது சென்ட்டுக்கும் மேல். ஊருணிக் கரையில் ஆக்கிரமிப்பு இருக்கிறது என்று மனு எழுதப் போகிறவருக்கு ஒன்பது சென்ட் சின்ன விஷயம் இல்லை.

உங்கள் ஊரின் ஊருணி, கண்மாய் (பாசன ஏரி), வரத்துக்கால் (நீர் வந்து சேரும் கால்வாய்) மூன்றையும் ஒரே கோப்பில் சரியான இடத்தில், சரியான பரப்போடு ஏற்றுவதற்கான வழி கீழே இருக்கிறது. காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. இடங்களைக் கணினியில் வரைபடமாக ஏற்றி அளக்கும் முறைக்கு ஜிஐஎஸ் என்று பெயர்; அதற்கான இலவச மென்பொருள் க்யூஜிஐஎஸ். அதன் தளத்தில் ‘நீண்டகால ஆதரவு’ பதிப்பு என்று தனியாக இருக்கும், அதையே இறக்குங்கள். எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். கூடவே ஜிபிஎஸ் உள்ள ஒரு கைபேசி, முப்பது மீட்டர் அளவு டேப் ஒன்று.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கோளம்

அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோணங்கள். காரைக்குடி ஏறத்தாழ வடக்கு 10.07 டிகிரி, கிழக்கு 78.78 டிகிரி. நம் அட்சத்தில் ஒரு டிகிரி வடக்கே போனால் சுமார் 110.6 கிலோமீட்டர், ஒரு டிகிரி கிழக்கே போனால் சுமார் 109.6 கிலோமீட்டர். இரண்டும் சமம் இல்லை, வடக்கே போகப் போக இரண்டாவது எண் இன்னும் சுருங்கும். அதனால்தான் டிகிரியில் இருக்கும் கோட்டுக்குப் பரப்பு கேட்டால் 0.00000082 என்று வருகிறது. அது ‘சதுர டிகிரி’. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கோணத்தைத் தாளில் மீட்டராக மாற்றும் கணக்குக்குத்தான் புரொஜெக்‌ஷன் என்று பெயர். வளைந்த பரப்பை இழுக்காமலோ கிழிக்காமலோ தட்டையாக்க வழியே இல்லை. ஆகவே ஒவ்வொரு புரொஜெக்‌ஷனும் வடிவம், பரப்பு, தூரம், திசை ஆகியவற்றில் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் மற்றதைக் காப்பாற்றும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் பரப்பை விட்டுக்கொடுக்கிறது. காரைக்குடியில் அதன் பரப்புப் பிழை நூற்றுக்கு நாலு அளவில் நின்றுவிடும். ஸ்ரீநகரில் அதே கணக்கு ஏறக்குறைய 46 சதவீதம் கூட்டிக் காட்டும். அது கைபேசியில் வழி பார்ப்பதற்கான புரொஜெக்‌ஷன், நிலம் அளப்பதற்கானது அல்ல.

இன்னொரு அடுக்கும் உண்டு. பூமியின் வடிவத்துக்கே எந்த முட்டையுருவை எடுத்துக்கொள்கிறோம் என்பது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு (முக்கோணக் கணக்குக்கு அடிப்படையான தரைத் தூரம்) அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழியில் வந்த பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் 1830 என்ற உருவில் உள்ளவை. இரண்டின் மையமும் ஒன்றல்ல. பழைய தாளின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் அப்படியே ஜிபிஎஸ் எண்ணாக எடுத்துக்கொண்டால், நம் பகுதியில் ஊருணி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய் அடுத்த தெருவில் உட்காரும்.

எந்த உருவம், எந்தப் புரொஜெக்‌ஷன், எந்த அலகு என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லும் குறிப்புக்குச் சிஆர்எஸ் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் இபிஎஸ்ஜி என்ற எண் உண்டு. மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 4326 என்றால் ஜிபிஎஸ் தரும் டிகிரி. 3857 என்றால் வெப் மெர்கேட்டர். 32644 என்றால் யூடிஎம் 44 வடக்கு; நாம் வேலை செய்யப் போவது இதில்தான்.

யூடிஎம் பூமியை ஆறு ஆறு டிகிரியாக 60 பட்டைகளாகப் பிரிக்கிறது. 78 முதல் 84 டிகிரி கிழக்கு வரை 44-ஆம் பட்டை, அதன் நடுக்கோடு 81. செட்டிநாடு முழுக்க, சிவகங்கைப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும் சேர்த்து, இந்த ஒரே பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. இது நமக்கு வாய்த்த வசதி. திண்டுக்கல் ஊர் 78 டிகிரிக் கோட்டுக்குச் சற்று மேற்கே இருப்பதால் 43-ஆம் பட்டைக்குப் போய்விடும். அங்கிருந்து வரும் கோப்பு 32643 என்று இருந்தால் அதைத் தவறு என்று நினைக்க வேண்டாம்.

புராஜெக்ட் திறப்பது

க்யூஜிஐஎஸ்-ஐத் திறந்ததும் பின்னணி வரைபடத்தைப் போடத்தான் கை போகும். சற்றுப் பொறுங்கள். முதலில் ஏறும் லேயரின் (ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றும் தரவு அடுக்கின்) சிஆர்எஸ்-ஐயே மென்பொருள் புராஜெக்டுக்கும் எடுத்துக்கொள்ளும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை முதலில் போட்டால் உங்கள் புராஜெக்ட் சத்தமில்லாமல் 3857 ஆகிவிடும். எனவே வெற்றுப் புராஜெக்டைத் திறந்து, கீழே வலது மூலையில் இபிஎஸ்ஜி எண் தெரியும் பொத்தானை அழுத்தி, தேடும் கட்டத்தில் 32644 என்று தட்டித் தேர்ந்தெடுங்கள். பின்னணியைப் போட்ட பிறகு அந்த மூலையை இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்து புராஜெக்ட் பண்புகளில் ‘ஜெனரல்’ பக்கம். எலிப்சாய்டு (முன்பு சொன்ன முட்டையுரு) என்ற இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 இருக்க வேண்டும். பரப்பு அலகைச் சதுர மீட்டர் என்று வையுங்கள், ஏக்கர் வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

புதிய லேயரை ஜியோபேக்கேஜ் வடிவில் உருவாக்குங்கள். பலர் ஷேப்ஃபைல் வடிவைச் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் ஒரு லேயருக்கு நான்கைந்து கோப்புகள் சேர்ந்து வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒன்று விடுபட்டால் சிஆர்எஸ் தகவல் போய்விடும். புலத்தின் (லேயரின் அட்டவணையில் உள்ள பத்தியின்) பெயர் பத்து எழுத்துக்கு மேல் ஏறாது, தமிழில் எழுதிய ஊர்ப் பெயர் கேள்விக்குறிகளாகத் திரும்பி வருவதும் அடிக்கடி நடக்கும். ஜியோபேக்கேஜ் ஒரே கோப்பு, தமிழ் சிதையாது. ஊருணிக்கும் கண்மாய்க்கும் பாலிகன் (மூடிய உருவம்), வரத்துக்காலுக்கும் கண்மாய்க் கரைக்கும் லைன் (கோடு), மடைக்கும் (நீர் திறக்கும் வாய்) கலிங்குக்கும் (மிகுந்த நீர் வழியும் இடம்) பாயின்ட் (புள்ளி). ஒவ்வொன்றையும் உருவாக்கும் பெட்டியிலேயே 32644 கொடுத்துவிடுங்கள். பெயர், சர்வே எண், வரைந்த தேதி, எந்தப் படத்திலிருந்து வரைந்தது என்ற நான்கு புலங்கள் தொடக்கத்துக்குப் போதும். கடைசிப் புலத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு கோடுகள் பொருந்தாதபோது அது ஒன்றுதான் துணைக்கு வரும்.

களத்தில் புள்ளி எடுப்பது

திறந்த வெளியில் நல்ல கைபேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும். செட்டிநாட்டு வீதிகளில் அதை நம்ப முடியாது. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு என்று நீளும் உயர்ந்த மதில்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்; புள்ளி எதிர்வீட்டு வளவுக்குள் போய் விழும். ஊருணிக் கரையின் திறந்த மூலையிலோ கலிங்கின் மேலோ நின்று, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருந்து, செயலி காட்டும் துல்லிய எண் இறங்கி நிலைத்த பிறகு பதிவு செய்யுங்கள். படத்திலும் தெளிவாகத் தெரியும் இடமாகப் பார்த்து எடுங்கள்: படித்துறையின் மூலை, கோயில் மதிலின் திருப்பம், மடையின் கல். கருவேலம் புதர் ஓரம் உதவாது.

எண்ணை எழுதும்போது தசம டிகிரியில் எழுதுங்கள். ஐந்து தசம இடம் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர். நான்கு இடத்தோடு நிறுத்தினால் பதினொரு மீட்டர், ஊருணிக்கு அது ஆகாது. செயலி பாகை, கலை, விகலையில் (டிகிரி, நிமிடம், விநாடி) காட்டினால் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும். 10 டிகிரி 04 நிமிடம் 12 விநாடி என்றால் 10 + 4/60 + 12/3600 = 10.07. அதை 10.0412 என்று அப்படியே ஒட்டி எழுதிவிட்டால் புள்ளி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்துவிடும். புதியவர்கள் தரும் பட்டியல்களில் இந்தப் பிழையைத்தான் முதலில் தேட வேண்டும்.

பட்டியலை எக்செல்லில் தட்டினால் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் உடையும். யூடிஎம் எண்களை 2,56,700 என்று காற்புள்ளி போட்டு எழுதக் கூடாது. சிஎஸ்வி-யில் காற்புள்ளிதான் பத்திகளைப் பிரிக்கும் குறி, ஓர் எண் மூன்று பத்திகளாகச் சிதறும்.

க்யூஜிஐஎஸ்-இல் ‘டிலிமிட்டட் டெக்ஸ்ட்’ வழியாக ஏற்றும்போது எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகை, ஒய் என்ற இடத்தில் அட்சரேகை. பேச்சில் அட்சத்தை முதலில் சொல்லிப் பழகியதால் இது எளிதில் மாறிப்போகும். மாறினால் காரைக்குடி வடக்கு 78.78, கிழக்கு 10.07-க்குப் போகும், அது ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடல். புள்ளிகளைக் காணோம் என்றால் லேயர் மேல் வலது கிளிக் செய்து ‘ஜூம் டு லேயர்’ கொடுங்கள், பனிக்கடலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் சிஆர்எஸ் 4326. பட்டியலில் இருப்பவை டிகிரி எண்கள், ஆகவே அவற்றை டிகிரி என்றே சொல்ல வேண்டும்.

இங்கேதான் தொடங்குகிறவர்கள் அதிகம் இடறுகிறார்கள். 32644 வேண்டும் என்பதற்காக ‘செட் லேயர் சிஆர்எஸ்’ என்பதை அழுத்தி 32644 கொடுத்துவிடுவார்கள். அந்தக் கட்டளை எண்களைத் தொடாது, பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும். 78.78 டிகிரி என்பது 78.78 மீட்டர் ஆகிவிடும். யூடிஎம்-இல் நடுக்கோட்டுக்கு 5,00,000 மீட்டர் என்று மதிப்பு. அதிலிருந்து 500 கிலோமீட்டர் மேற்கே, பூமத்திய ரேகையில், மாலத்தீவுக்குக் கிழக்கே நடுக்கடலில் உங்கள் ஊருணிகள் எல்லாம் ஒரே புள்ளியாகக் குவிந்து கிடக்கும். எண்களையே மாற்ற வேண்டும் என்றால் ‘எக்ஸ்போர்ட்’ வழியாகவோ ‘ரீபுரொஜெக்ட் லேயர்’ வழியாகவோ 32644-இல் புதிய லேயராகச் சேமிக்க வேண்டும். சரியாக மாறியதா என்று பார்க்க ஒரு சோதனை: சுட்டியைக் காரைக்குடி மேல் வைத்தால் கீழே கிழக்கு 2,57,000-ஐ ஒட்டியும் வடக்கு 11,14,000-ஐ ஒட்டியும் எண்கள் வர வேண்டும். செட்டிநாட்டில் வேலை செய்கிறவருக்கு இந்த இரண்டு எண்களும் கண்ணில் பதிந்திருக்க வேண்டும். தவறான கோப்பைத் திறந்த உடனே பிடித்துவிடலாம்.

கரை வரைவது

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஆனால் ஒரு பிக்சல் பத்து மீட்டர். அறுபது மீட்டர் ஊருணி அதில் ஆறுக்கு ஆறு கட்டம்தான். கண்மாயின் நீர்ப்பரப்பு மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று பார்க்க அது அருமையான படம். ஊருணிக் கரை வரைய உதவாது. அதற்கு நுண்ணிய செயற்கைக்கோள் பின்னணி வேண்டும். அதிலிருந்து வரைய அனுமதி உண்டா என்று அந்தச் சேவையின் விதிமுறையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் படமும் சில மீட்டர் விலகியிருக்கக்கூடும். களத்தில் எடுத்த புள்ளிகளை மேலே போட்டுப் பாருங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாக ஒரே அளவு விலகினால் குறை படத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலகினால் கைபேசியின் குறை.

எதைக் கரை என்று எடுத்துக்கொள்வது என்பதை வரையும் முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள். செம்பாறைக் கல்லால் படி கட்டிய ஊருணியில் மேல்படியின் வெளி விளிம்பு தெளிவான கோடு, அதையே எடுங்கள். கண்மாயில் ஒரு பக்கம் மண் கரை; மறுபக்கம் நீர் பரவும் சரிவு, அங்கே கோடே இருக்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர்ப் படத்தில் நீர் எங்கோ நிற்கும், ஜூன் படத்தில் பாதி மைதானமாக இருக்கும். ஆகவே கண்மாய்க்குக் கரையை லைனாகத் தனியாக வரைந்து, நீர்ப்பரப்பைத் தேதி போட்டுப் பாலிகனாக வரையுங்கள். ‘கண்மாயின் பரப்பு’ என்று தேதியில்லாமல் ஓர் எண் சொல்வதில் பொருள் இல்லை.

வரையும்போது 1:1000 அளவுக்குள் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் சதுர ஊருணியை எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் வெளியே தள்ளி வரைந்தால் 102 பெருக்கல் 102, 10,404 சதுர மீட்டர்; பத்து சென்ட் கூடிவிட்டது. தப்பான புரொஜெக்‌ஷன் செய்கிற கெடுதலைக் கவனக்குறைவான கையும் செய்யும். புதுக் கோட்டின் முனையைப் பக்கத்துக் கோட்டில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கைப் போட்டுவிடுங்கள், பக்கத்துப் பக்கத்து எல்லைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விழாது. கடைசியில் ‘செக் வேலிடிட்டி’ ஓட்டுங்கள். கோடு தன்னைத் தானே வெட்டி எட்டுப் போல முறுக்கியிருந்தால் ஒரு வளையத்தின் பரப்பு மறு வளையத்தில் கழிந்து எண் குறைந்து வரும், கண்ணுக்குத் தெரியாது.

பரப்பு எடுப்பது

புலங்களுக்குக் கணக்குப் போடும் ஃபீல்டு கால்குலேட்டரில் இரண்டு வழி உண்டு. டாலர் குறியோடு தொடங்கும் ‘ஏரியா’ புராஜெக்டில் கொடுத்த எலிப்சாய்டின் மேல் கணக்கிடும், உண்மையான தரைப் பரப்புக்கு மிக அருகில் வரும். ஜியாமெட்ரியை அடைப்புக்குறிக்குள் வாங்கும் ‘ஏரியா’ லேயரின் தட்டையான சிஆர்எஸ்-இலேயே கணக்கிடும். 32644-இல் இரண்டையும் போட்டுப் பார்த்தால், முதல் வழியில் 10,000 என்று வரும் ஊருணி இரண்டாவதில் சுமார் 10,006 என்று வரும். பயப்பட வேண்டாம். யூடிஎம் நடுக்கோட்டில் அளவை 0.9996 ஆகச் சுருக்கி, விலகிப் போகப் போக நீட்டுகிறது. காரைக்குடி நடுக்கோட்டிலிருந்து இரண்டேகால் டிகிரி அளவுக்கு மேற்கே இருப்பதால் இங்கே ஒரு கிலோமீட்டருக்கு முப்பத்து மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும். 3857 லேயரில் இரண்டாவது வழியைப் பயன்படுத்தினால்தான் அந்த 10,380 வருகிறது.

முதல் வழியையே எப்போதும் பயன்படுத்துங்கள், எந்த வழி என்பதையும் குறித்துவையுங்கள். ஏக்கருக்கு 4046.86-ஆலும் சென்ட்டுக்கு 40.47-ஆலும் வகுக்க வேண்டும். பரப்பு அலகைச் சதுர மீட்டராக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: அலகு ஏக்கர் என்று இருந்தால் டாலர் ஏரியா ஏக்கரிலேயே விடை தரும், நீங்கள் மறுபடி வகுத்தால் கண்மாய் குட்டையாகிவிடும். பட்டாவிலும் கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டிலும் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஹெக்டேர் 24.50 ஏர் என்றால் 12,450 சதுர மீட்டர். இந்த எண்ணும் உங்கள் எண்ணும் விலகுவது இயல்பு. பதிவேட்டில் கரையும் புறம்போக்கு ஓரமும் சேர்ந்திருக்கும், உங்கள் கோட்டில் மேல்படிக்கு உள்ளே மட்டும் இருக்கும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று எழுதாமல் வேறுபாட்டை மட்டும் மனுவில் போட்டால் மனு நிற்காது.

பழைய தாளைப் பொருத்துவது

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள் வரிசையில் காரைக்குடியும் கானாடுகாத்தானும் 58 ஜே/16-இல் வரும். தேவகோட்டை 10 டிகிரிக் கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் 58 கே/13. தாளை 300 டிபிஐ அளவில் மடிப்பில்லாமல் ஸ்கேன் செய்து, படத்தைப் பூமியில் அதன் இடத்தில் பொருத்தும் ‘ஜியோரெஃபரன்சர்’ பெட்டியில் திறந்து, அட்ச தீர்க்கக் கோடுகள் வெட்டும் இடங்களைக் கட்டுப்புள்ளிகளாகக் கொடுங்கள். ஓரக்குறிப்பில் எவரெஸ்ட் என்று இருந்தால் 4326 கொடுக்காமல் 4146, அதாவது கல்யாண்பூர் 1975, கொடுத்துப் பொருத்தி, பிறகு 32644-க்கு மாற்றுங்கள். பொருந்தியதா என்பதை ஒரு தெப்பக்குளத்தின் மூலையை வைத்துச் சோதியுங்கள்.

பொருத்தும் கணக்குகளில் ‘பாலினோமியல் 1’ முறைக்கு மூன்று புள்ளி போதும், ஆனாலும் ஆறுக்குக் குறையாமல் தாள் முழுக்கப் பரப்பிக் கொடுங்கள். எஞ்சும் பிழை ஒரு புள்ளியில் மட்டும் பெரிதாக இருந்தால் அந்தப் புள்ளி தவறு. ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ முறையில் பிழை எப்போதும் பூஜ்யம் என்று காட்டும். அது தாளை உங்கள் புள்ளிகளுக்கு ஏற்பப் பிடித்து இழுத்துவிடுகிறது, தவறான புள்ளியும் அதில் மறைந்துவிடும். தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கிராம வரைபடத்திலும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான புலப்படத்திலும் அட்சமும் தீர்க்கமும் கிடையாது. சர்வே கல், மூன்று கிராம எல்லை சந்திக்கும் கல், கோயில் மதில் மூலை என்று இன்றும் தரையில் நிற்பவற்றைத் தேடிப் புள்ளி எடுத்துத்தான் பொருத்த முடியும். இங்கே டேப் உதவும்: புலப்படத்தில் எழுதியிருக்கும் மீட்டர் அளவு ஒன்றைத் தரையில் அளந்து, திரையிலும் அளந்து பாருங்கள்.

உயரப் படம்

2000-ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு முப்பது மீட்டர் கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். அது டிகிரியில் வரும். அப்படியே ‘ஸ்லோப்’ கணக்கிட்டால் தூரம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருப்பதால் நம் சமவெளி முழுவதும் செங்குத்துப் பாறையாக, 90 டிகிரிக்கு அருகில் சரிவு காட்டும். முதலில் 32644-க்கு மாற்றுங்கள், மாற்றும்போது புதிய கட்டங்களுக்கு எண் கணக்கிடும் மறுமாதிரி முறை ‘பைலீனியர்’. நில வகைப்பாடு போல வகையை எண்ணால் குறிக்கும் படங்களுக்கு மட்டும் ‘நியரஸ்ட் நெய்பர்’.

சரியாக மாற்றினாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. இங்கே நிலம் தென்கிழக்காகப் பாக் நீரிணை நோக்கி மெல்லச் சாய்கிறது. அந்தப் பெரிய சாய்வை எஸ்ஆர்டிஎம் காட்டும். ஆனால் அதன் உயரப் பிழை சில மீட்டர். கண்மாய்க் கரையின் உயரமே அவ்வளவுதான். வரத்துக்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தூர்ந்திருக்கிறது என்பதை இந்தப் படத்திலிருந்து முடிவு செய்யாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கைபேசியோடு கால்வாய் வழியே நடந்து, தடத்தைப் பதிவு செய்து அதையே லைனாக ஏற்றுங்கள். ஊரில் மடை திறந்து பழகிய பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போனால், படத்தில் வீட்டு மனையாகிவிட்ட இடத்திலும் கால் எங்கே இருந்தது என்று காட்டிக்கொடுப்பார்.

தாளில் அச்சிடுவது

‘பிரின்ட் லேஅவுட்’டில் வரைபடத்தை வைத்து அளவை 1:2000 போன்ற முழு எண்ணாகக் கொடுங்கள். அளவுகோல் பட்டையும் வடக்கு அம்பும் சேருங்கள். யூடிஎம் கட்டத்தின் வடக்கு நம் ஊரில் உண்மை வடக்கிலிருந்து 0.4 டிகிரி அளவே விலகும், ஏ4 தாளில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தாளின் கீழ் மூலையில் சிஆர்எஸ் எண், படத்தின் தேதி, பரப்பு எடுத்த முறை, கரை என்று எடுத்துக்கொண்ட விளிம்பு ஆகிய நான்கையும் சின்ன எழுத்தில் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போய், ஒரு பக்கக் கரையை டேப் பிடித்து அளந்து, வந்த எண்ணை அந்தக் கோட்டின் மேலேயே பேனாவால் குறித்துவையுங்கள்.